ஜீனி ராபர்ட்சனை யாரும் கண்டுபிடிக்கவில்லை

ஜீனி ராபர்ட்சன் 1953இல் கண்டுபிடிக்கப்பட்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல் பற்றிய கட்டுரை, இசைத்தட்டு அட்டை, கலைக்களஞ்சியக் குறிப்பு எதை எடுத்தாலும் இந்த வினைச்சொல்தான் முதலில் வந்து நிற்கிறது. கண்டுபிடித்தவர் ஹேமிஷ் ஹெண்டர்சன். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் தொடங்கப்பட்ட ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியைச் சேர்ந்தவர். கண்டுபிடிக்கப்பட்டவர் 1908இல் அபர்டீன் நகரத்தில் பிறந்து, அதே நகரத்தில் ஹில்டன் தெருவில் குடியிருந்து, அம்மாவிடம் கற்ற பாட்டுகளைத் தன் சனங்களுக்கு நடுவில் பாடிக்கொண்டிருந்த பொம்பளை. ஒளிஞ்சா இருந்தார்? காணாமலா போனார்? மண்ணுக்குள்ள கிடந்த சிலையா, தோண்டி எடுக்கறதுக்கு?

நாற்பது வருஷத்துக்கு மேல் ஒருவர் வாய்திறந்து பாடியிருக்கிறார். அது ஒரு கூட்டத்துக்குக் கேட்டிருக்கிறது, இன்னொரு கூட்டத்துக்குக் கேட்கவில்லை. கேட்காத கூட்டத்துக்கு ஒருநாள் காது திறந்ததும், அதைத் தன் காதின் வரலாறாக எழுதாமல் பாடியவரின் வரலாறாக எழுதிக்கொண்டது. பிறந்த வருஷமே 1953 என்பதுபோல. நான் சண்டைக்கு நிற்பது இந்த ஒரு வினைச்சொல்லோடுதான்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது நாட்டார் வழக்காற்றியலும் படித்தேன். கதைப்பாடல் என்றால் என்ன என்று ஐந்து வரையறை எழுதினோம். அமெரிக்காவின் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் பெயரை மனப்பாடம் செய்தோம். அவர் 305 கதைப்பாடல்களைத் தொகுத்து எண் போட்டவர். 1882 தொடங்கி 1898 வரை பகுதி பகுதியாக வந்த பெரிய தொகுப்பு அது. ஆனால் அந்த 305இல் ஒன்றைப் பாடியவர் பெயர் ஒன்றுகூட எங்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. கேள்வித்தாளிலும் கேட்கவில்லை. பாட்டு இருந்தது, பாட்டுக்கு எண் இருந்தது, எண் போட்டவர் இருந்தார். வாய் மட்டும் இல்லை.

அந்த வாய் எனக்குக் கிடைத்தது பல வருஷம் கழித்து. ஒரு தோழர் பாட்டுகளைப் பதிந்து கொடுத்தார். 1953 இறுதியில் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் லண்டனில் ஜீனியை வைத்துப் பதிவு செய்தவை. பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. தடித்த, தாழ்ந்த, ஆழமான குரல். ஸ்காட்ஸ் மொழி எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனாலும் 'மை சன் டேவிட்' பாட்டைக் கேட்டுவிட்டு வேறு வேலை ஓடவில்லை.

அந்தப் பாட்டில் ஒரு தாய் மகனைக் கேட்கிறாள்: உன் வாளில் இருக்கிற ரத்தம் எதனுடையது? குதிரையின் ரத்தம் என்கிறான். அது அவ்வளவு சிவப்பா இருக்காதே என்கிறாள். வேட்டைநாயின் ரத்தம் என்கிறான். அதையும் நம்பவில்லை. கடைசியில் அண்ணன் தம்பிச் சண்டையில் உடன்பிறந்தவனைக் கொன்றதைச் சொல்கிறான். அடியில்லாத படகில் ஏறிப் போகிறேன், இனித் திரும்பி வரமாட்டேன் என்கிறான். கேள்வியும் பதிலுமாகவே நகர்கிற பாட்டு. ஜீனி அழுகையைக் கூட்டவில்லை, நடிக்கவும் இல்லை. ஒரு தாய் உண்மையைத் தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வியை எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்கிறார். ஜீனிக்கும் ஒரு மகன் இருந்தான், சின்ன வயதிலேயே செத்துப்போனான். இந்தப் பாட்டைப் பாடும்போதெல்லாம் அவன் நினைவு வரும் என்பதை ஆய்வாளர் ஜேம்ஸ் போர்ட்டர் பதிவு செய்திருக்கிறார்.

இதே கதையின் இன்னொரு வடிவத்தைத் தாமஸ் பெர்சி என்கிற பாதிரியார் 1765இல் தன் புத்தகத்தில் அச்சிட்டார். 'எட்வர்ட்' என்று பெயர். அதில் மகன் கொல்வது தகப்பனை. ஐரோப்பிய இலக்கிய உலகம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. சைல்ட் தொகுப்பில் அதற்கு 13ஆம் எண். அச்சில் ஏறியது ‘செவ்வியல்’ ஆச்சு. அதே கதையை மரக்கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பாடினவள் ‘டிங்கர்’ ஆனாள்.

'டிங்கர்' என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்தின் டிராவலர் சனங்கள் வழிவழியாகத் தகரவேலை செய்தவர்கள். பாத்திரம் அடைத்து, கூடை முடைந்து, கொம்பில் கரண்டி செய்து ஊர் ஊராக விற்றவர்கள். ஆற்றில் முத்துச்சிப்பி எடுத்தார்கள், குதிரை வியாபாரம் பார்த்தார்கள், பேக்பைப் வாசித்தார்கள். கோடையில் பிளேர்கவுரி தோட்டங்களில் ராஸ்பெர்ரி பறித்தார்கள். ஊருக்கு இவர்கள் வேலை வேண்டும், இவர்கள் வேண்டாம். தொழிலின் பெயரையே வசையாக்கி, அதையும் சுருக்கி 'டிங்க்' என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஏசினார்கள். தொழிற்பெயர் எப்படி வசைச்சொல் ஆகும் என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வசை வாயோடு நிற்கவில்லை, சட்டப்புத்தகத்தில் ஏறியது. 1865இல் ஸ்காட்லாந்துக்கென்றே ஓர் அத்துமீறல் சட்டம் கொண்டுவந்தார்கள். உரிமையாளர் அனுமதியில்லாமல் நிலத்தில் தங்குவதும் கூடாரம் போடுவதும் தீ மூட்டுவதும் குற்றம். நிலமே இல்லாத, கூடாரமே வீடான சனத்துக்கு அதன் அர்த்தம் என்ன? ராத்திரி தூங்கினால் குற்றம், கஞ்சி காய்ச்சினால் குற்றம். ஆறு வருஷம் கழித்து, 1871இல், அதே பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. அங்கே இங்கே என்று இரண்டு மூளை இல்லை, மூளை ஒண்ணுதான்.

1895இல் ஒரு அரசுக் குழு அறிக்கை கொடுத்தது. பழக்கப்பட்ட குற்றவாளிகள், திரிகிறவர்கள், பிச்சைக்காரர்கள், குடிகாரர்கள், இளங்குற்றவாளிகள் பற்றிய அறிக்கை. டிராவலர் சனங்களையும் அதே பட்டியலுக்குள் வைத்துத்தான் விசாரித்தார்கள். 1908இல் குழந்தைகள் சட்டம். அக்டோபர் முதல் மார்ச் வரை பிள்ளை 200 முறை பள்ளி வருகை காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் மேல் வழக்கு. பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்த் தொழிற்பள்ளியில் அடைக்கவும் வழி இருந்தது. ஜீனி பிறந்த அதே வருஷம். கருவிலேயே சட்டம் காத்துக்கிட்டு இருந்திருக்கு.

இப்போது பாட்டு சேகரித்தவர்களிடம் வருவோம். சைல்ட் பெரும்பாலும் பழைய கையெழுத்துப் படிகளையும் அச்சுப் புத்தகங்களையும் வைத்தே தொகுத்தார். கதைப்பாடல் என்பது முடிந்துபோன காலத்தின் சொத்து என்பது அந்தத் தலைமுறை அறிஞர்களின் எண்ணம். அவர்கள் அதை எழுதிக்கொண்டிருந்த அதே பொழுதில் ஸ்காட்லாந்துச் சாலையோரத்தில் கூடாரத்துக்கு வெளியே தீ மூட்டி உட்கார்ந்து அந்தப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். செத்துப்போச்சு என்று சொன்னவன் வந்து பார்த்துவிட்டா சொன்னான்?

அடுத்து கேவின் கிரெக் என்கிற பள்ளி ஆசிரியர், ஜேம்ஸ் டங்கன் என்கிற பாதிரியார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபர்டீனைச் சுற்றியிருக்கிற வடகிழக்கு ஸ்காட்லாந்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளைச் சேகரித்தார்கள். பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. எட்டுத் தொகுதிகளாக 1981 முதல் 2002 வரை அச்சிட்டிருக்கிறார்கள். பண்ணைக்காரர், பண்ணையாள், ஆசிரியர், வேலைக்காரப் பெண் எல்லோரிடமும் பாட்டு வாங்கினார்கள். டிராவலர் சனங்களிடம் பெரும்பாலும் போகவில்லை. அப்போது ஜீனியின் அம்மா மரியா ஸ்டூவர்ட் அதே வட்டாரத்தில்தான் இருந்தார். குளிர்காலத்தில் அபர்டீன் நகரம், கோடையில் டீ, டான் ஆற்றங்கரைச் சாலைகள். மகள் உலகத்துக்குப் பின்னால் பாடிக்காட்டிய பாட்டுகளில் பெரும்பகுதி அந்த அம்மாவின் வாயிலிருந்து வந்தவை. சேகரிப்பாளரும் பாட்டுக்காரியும் ஒரே மாவட்டத்துச் சாலைகளில் நடந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கு இன்னொருத்தர் கண்ணில் படவில்லை. தூரத்தால் வந்த குறை இல்லை இது. யாரிடம் பாட்டு இருக்கும், யாரிடம் இருக்காது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட பார்வையால் வந்தது.

இனி 1953. ஹெண்டர்சன் நேர்மையான மனிதர், இடதுசாரி. டிராவலர் சனங்களிடம்தான் செல்வம் இருக்கிறது என்று சத்தம் போட்டுச் சொன்ன முதல் ஆய்வாளர்களில் ஒருவர். அவரைக் குறை சொல்வது என் வேலை இல்லை. ஆனால் அவர் எப்படி ஜீனி வீட்டுக்கு வந்தார்? அபர்டீன் காசில்கேட் சந்தையில் பழைய சாமான் விற்கிறவர்களிடம் விசாரித்து வந்தார். நல்ல பாட்டுக்காரி யாரு என்று கேட்டார், அவர்கள் சொன்னார்கள். அப்படியானால் யாருக்குத் தெரியாம இருந்தது? சந்தைக்குத் தெரிந்திருந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தெரியவில்லை.

கதவு தட்டப்பட்டபோது நடந்ததை ஹெண்டர்சனே பலமுறை சொல்லியிருக்கிறார். ஜீனி களைத்துப் போயிருந்தார், உள்ளே விட மனமில்லை. வந்தவர் விடவில்லை. 1411இல் அபர்டீனுக்கு வடமேற்கே நடந்த ஹார்லா சண்டையைப் பற்றிய கதைப்பாடலை எடுத்தார். சைல்ட் தொகுப்பில் அது 163ஆம் எண். கேட்டுக்கொண்டு நின்ற ஜீனி, நீ பாடறது சரியில்லை, உள்ள வா, அது எப்படின்னு நான் சொல்றேன் என்கிற மாதிரி சொல்லித்தான் கதவைத் திறந்தார்.

இந்தக் காட்சியை நல்லாப் பாருங்க. வாசலில் நிற்பவர் பல்கலைக்கழகம். உள்ளே நிற்பவர் டிங்கர் என்று ஏசப்பட்ட பெண். தேர்வு வைத்தது யார், எழுதியது யார்? தப்பைத் திருத்தியது யார்? ஆசிரியர் அவர், மாணவர் இவர். நடந்தது இவ்வளவு தெளிவாக இருக்கும்போதும் புத்தகத்தில் ஏறிய வாக்கியம் எது? அவர் இவரைக் கண்டுபிடித்தார் என்பது.

அதற்குப் பிறகு ஜீனிக்குக் கிடைத்தவற்றை எண்ணிப் பார்க்கலாம். இசைத்தட்டுகள் வந்தன. 1950களில் அமெரிக்காவில் வந்த ஒரு தட்டுக்கு வைத்த பெயரே ‘ஸ்காட்லாந்து டிங்கர் சீமாட்டியின் பாடல்கள்’ என்று பொருள்படும். தெருவில் எறிந்த கல்லை அட்டையில் நகையாக ஒட்டி விற்றார்கள். மேடைகள் கிடைத்தன, வீடு தேடி இளம் பாடகர்கள் வந்தார்கள். ரே பிஷர் போன்றவர்கள் வாரக்கணக்கில் அந்த வீட்டிலேயே தங்கிக் கற்றார்கள். ஜீனி கதவைச் சாத்தவில்லை, வந்தவர்களுக்குத் தேநீரும் பாட்டும் கொடுத்தார்.

ஆனால் பிரிட்டனின் நாட்டுப்பாடல் மறுமலர்ச்சி தனக்கென்று ஒரு சொல்லாடலை வைத்திருந்தது. ஜீனி போன்றவர்கள் ‘மூலப் பாடகர்கள்’. அவர்களிடம் கற்றுக்கொண்டு கிதாரோடு மேடையேறுகிறவர்கள் ‘கலைஞர்கள்’. கிணறு வேறு, தண்ணி இறைச்சு விற்கிறவன் வேறு. கிணத்துக்கு யாராவது சம்பளம் கொடுப்பாங்களா? பதிப்புரிமையும் அப்படித்தான். பாட்டு ‘மரபு வழி’ என்று ஆனதும் அது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதற்கு இசைக்கோப்பு செய்தேன் என்று ஒருவர் பதிவு செய்தால் அந்தக் கோப்புக்கு உரிமைத்தொகை உண்டு. வாத்தியம் இல்லாமல் வெறும் குரலில் பாடுகிறவர் செய்வது கோப்பாகவே யாருக்கும் தெரியாது. எந்த அடியை நிறுத்துவது, எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவது, எந்த வரியை விட்டுவிடுவது என்று ஒரு வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை ‘மரபு’ என்கிற ஒரே சொல்லில் கரைந்துபோகிறது. அவர் பாடிப் பரவிய ‘ஜாக் ஸ்டூவர்ட்’ பாட்டை 1985இல் ‘த போக்ஸ்’ என்கிற ராக் குழு தன் தட்டில் சேர்த்தது, உலகம் முழுக்கக் கேட்டார்கள். அதைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு ஹில்டன் தெரு தெரியும்?

இன்னொன்றும் நடந்தது. பல்கலைக்கழகம் விரும்பியது ‘மகத்தான’ கதைப்பாடல்களை, சைல்ட் எண் உள்ளவற்றை. ஜீனியிடம் கேலிப்பாட்டு, காதல்பாட்டு, பண்ணையாள் பாட்டு, பிள்ளைகள் பாட்டு எல்லாம் இருந்தன. வருஷம் போகப் போக ‘மை சன் டேவிட்’ பாட்டின் வேகம் குறைந்து, கனம் கூடிக்கொண்டே போனதைப் போர்ட்டர் பதிவுகளை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். கேட்கிறவன் எதை மகத்துவம் என்கிறானோ அது பாடுகிறவர் தொண்டையில் வந்து உட்காருகிறது. அடுப்படியில் பாடியதைக் கோயில் சிலை மாதிரி நிற்கவைத்தால் அதுவும் கொஞ்சம் கல்லாகத்தான் செய்யும். தப்பு பாடியவருடையதா?

1968இல் பிரிட்டிஷ் பேரரசின் எம்.பி.இ. விருது கொடுத்தார்கள். அவர் மார்பில் பதக்கம் குத்திய அதே வருஷத்திலும் 1865ஆம் ஆண்டுச் சட்டம் உயிரோடுதான் இருந்தது. அவர் உறவினர் ஒருவர் சாலையோரத்தில் கூடாரம் அடித்தால் போலீஸ் வந்து கிளப்பலாம். 1940களிலிருந்தே டிராவலர் குடும்பங்களைத் திருத்திக் குடியமர்த்துகிறோம் என்று சொல்லிக் குடியிருக்க லாயக்கில்லாத குடிசைகளில் அடைத்ததும், ‘ஒழுங்கா இரு, இல்லேன்னா பிள்ளையைத் தூக்கிடுவோம்’ என்று மிரட்டியதும் நடந்துகொண்டிருந்தது. டிங்கர் சோதனை என்று அதற்குப் பெயர். சோதனைதான், எலிக்குச் செய்கிற மாதிரி. அதற்கு ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் ஜான் ஸ்வின்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2025 ஜூனில். டிராவலர்கள் ஒரு தனி இனக்குழு என்று அபர்டீன் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் ஏற்றது 2008இல். ஜீனி செத்தது 1975இல். பாட்டுக்குப் பதக்கம் உடனே கிடைத்தது, பாடிய சனத்தை மனுசராக ஏற்க அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

அவர் மகள் லிஸ்ஸி ஹிக்கின்ஸ் மீன் அறுக்கும் தொழிலாளி. தகப்பன் டொனால்ட் ஹிக்கின்ஸ் பேக்பைப் கலைஞர். அந்த வாத்தியத்தின் கமகங்களைக் குரலில் கொண்டுவந்தவர் லிஸ்ஸி. 1967 வரைக்கும் பொதுமேடையில் பாடவே இல்லை. மருமகன் முறையான ஸ்டான்லி ராபர்ட்சன் பெரிய கதைசொல்லி. அவரும் அபர்டீன் மீன்கூடங்களில் ஆயுசின் பெரும்பகுதியைக் கழித்தவர். அவர்களையும் சேர்த்துக் கேட்டால்தான் ஜீனியைக் கேட்க முடியும். தனி மேதை என்று பிய்த்து எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற வேலையும் ‘கண்டுபிடிப்பு’ தான். ஒரு கூட்டத்தில் ஒருத்தரை மட்டும் உயர்த்திவிட்டு மற்றவரைக் குப்பையில் விடுவதற்கு அது வசதி.

இதைப் பேசினால் இரண்டு பதில் வரும். ஒன்று, ஹெண்டர்சனும் லோமாக்சும் இல்லாட்டி உனக்கு ஜீனி கிடைச்சிருப்பாரா? கிடைத்திருக்க மாட்டார். நன்றி உண்டு. கொண்டுவந்து சேர்த்தவர் என்று எழுதுங்கள், பதிவு செய்தவர் என்று எழுதுங்கள், மாணவர் என்று எழுதுங்கள். தபால்காரரை மதிக்கலாம், கடிதம் எழுதினதே அவர்தான் என்று சொல்லக்கூடாது. இரண்டாவது பதில், பாட்டை ரசி, பாடியவர் சாதி சனம் உனக்கெதற்கு என்பது. பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாடியவரைச் சாலையில் விட்டவர்களின் அழகியல் அது. ஜீனியின் குரலில் இருக்கிற கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அந்தக் கனத்தை ரசிப்பதற்குப் பெயர் ரசனை இல்லை, களவு.

நம்ம பக்கமும் கொஞ்சம் பார்க்கணும். பெர்சி மெக்வீன் என்கிற ஆங்கிலேய அதிகாரி தமிழ்நாட்டில் சேகரித்த பாட்டுகள் கி.வா. ஜகந்நாதன் பதிப்பில் 1958இல் ‘மலையருவி’ என்று வந்தன. இன்றைக்கும் நாம் அதை மெக்வீன் தொகுப்பு என்றே சொல்கிறோம். நமது ஆய்வேடுகளில் பாடுகிறவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘தகவலாளி’. தகவல் கொடுக்கிறவர்! ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடிய கிழவி தகவல் கொடுத்தாளாம், டேப்பை அழுத்தின நாம் ஆய்வு செய்தோமாம். பின்னிணைப்பில் வயது, சாதி, ஊர் போட்டு ஒரு அட்டவணை. பட்டம் யாருக்கு? ஹில்டன் தெரு வாசலில் யார் யாருக்குத் தேர்வு வைத்தார் என்பதை அந்த அட்டவணை மறைத்துவிடுகிறது.

அதனால் மாணவ நண்பர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஜீனி ராபர்ட்சனைக் கேளுங்கள். லோமாக்ஸ் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1998இல் அவை குறுந்தகடாகவும் வந்தன. கேட்டபின் இன்னொருவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ‘அருமையான ஒரு ஸ்காட்டிஷ் நாட்டுப்பாடல்’ என்று கொடுக்காதீர்கள். பெயர் சொல்லிக் கொடுங்கள். மரியா ஸ்டூவர்ட்டின் மகள், லிஸ்ஸியின் தாய், டிராவலர், அபர்டீன்காரி என்று சொல்லிக் கொடுங்கள். நீங்கள் போய்ப் பதிவு செய்யும் கிழவியின் பெயரை ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எடுத்து முதல் பக்கத்தில் ஆசிரியர் இடத்தில் போடுங்கள். வழிகாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார், சண்டை வரும். வரட்டும்.